வேலூரிலிருந்து அமெச்சூர் டிஜிட்டல் டிவி: கணினியோடு இணையும் ரிசீவர் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் மினிட்யூனர் வகை ரிசீவரைப் பற்றியது. பிரான்ஸ் நாட்டு அமெச்சூர் (பொழுதுபோக்காக ரேடியோ அலைகளை அனுப்பிப் பிடிக்கும் ஆர்வலர்) ஒருவர் வடிவமைத்து, பிரிட்டனின் அமெச்சூர் டிவி சங்கமான பிஏடிசி வழியாகப் பரவிய சாதனம் இது. பலகையின் பெயர் மினிட்யூனர், விண்டோஸ் மென்பொருளின் பெயர் மினிட்யூன். கோணங்களும் நேரங்களும் வேலூர் நகருக்குக் கணக்கிட்டவை. காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் எல்லாவற்றுக்கும் அரை டிகிரி, ஒரு டிகிரிக்குள் அதேதான்.

இதை வைத்து என்ன பார்க்க முடியும்?

வேலூரில் இருந்துகொண்டு நாள் முழுக்கப் பார்க்கக்கூடியது க்யூஓ-100 மட்டுமே. கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் அமெச்சூர்களுக்கென்று ஏற்றிய டிரான்ஸ்பாண்டருக்கு, அதாவது கீழிருந்து வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிக்கு, அந்தப் பெயர். 2018 நவம்பரில் ஏவப்பட்டு, கிழக்கு 25.9 டிகிரியில் நிலையாக நிற்கிறது. பிரேசில் முதல் தாய்லாந்து வரை அதன் வீச்சு எல்லை. நம் ஊர் உள்ளே வருகிறது. டிஜிட்டல் டிவிக்கான அகலப்பட்டை 10491 முதல் 10499 மெகாஹெர்ட்ஸ் வரை. அதன் கீழ்முனையில் 10491.5 மெகாஹெர்ட்ஸில் பீக்கன் என்ற அடையாளச் சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும்: டிவிபி-எஸ்2 (ஒளிபரப்பு முறை), க்யூபிஎஸ்கே (அலையில் தகவலை ஏற்றும் விதம்), சிம்பல் ரேட் (நொடிக்கு எத்தனை குறியீடு) 1500 கிலோ, எஃப்இசி (பிழைதிருத்த விகிதம்) 4/5. ரிசீவர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேறு எதையும் தேட வேண்டாம். பீக்கனுக்கு மேலே தனிநபர்கள் 250, 333, 500, 1000 கிலோசிம்பல் அளவுகளில் வந்து போவார்கள்.

இன்னொன்று தரைவழி: 434 மெகாஹெர்ட்ஸிலோ 1.2 கிகாஹெர்ட்ஸிலோ நண்பர் அனுப்புவதை நீங்கள் பிடிப்பது. அதற்கு எதிர்முனையில் ஆள் வேண்டும். ஆகவே முதலில் செயற்கைக்கோள்.

வீட்டில் சும்மா கிடக்கும் செட்டாப் பாக்ஸ் போதாதா?

போதாது. மூன்று இடத்தில் அடிபடும். டிஷ் பாக்ஸின் டியூனர் 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் கேட்கும்; டிஷ்ஷின் முன்னால் மாட்டும் எல்என்பி, சிக்னலின் அலைவெண்ணைக் குறைத்துக் கேபிளில் அனுப்பும்; 9750 மெகாஹெர்ட்ஸ் கழிக்கும் எல்என்பியிலிருந்து பீக்கன் இறங்கி வருவது 741.5 மெகாஹெர்ட்ஸில். இரண்டாவது, பெரும்பாலான பாக்ஸ்களில் 1000 கிலோசிம்பலுக்குக் கீழே சிம்பல் ரேட் எண்ணைப் போடவே இடம் இருக்காது. அமெச்சூர்கள் பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருக்கிறார்கள். மூன்றாவது, கட்டண டிடிஹெச் பாக்ஸ் தன் நிறுவனத்தின் சிக்னலைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காது.

ஆர்டிஎல் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் மலிவு ரேடியோ ரிசீவர்) இருக்கிறது. அதில் முடியாதா?

முடியும், ஓரளவுக்கு. டாங்கிள் நொடிக்கு 2.4 மில்லியன் சாம்பிள் வரை நம்பகமாகக் கொடுக்கும். 333 கிலோசிம்பல் சிக்னலை மென்பொருளில் பிரித்தெடுக்கலாம். ஆனால் டிவிபி-எஸ்2-இன் பிழைதிருத்தக் கணக்கு முழுவதும் உங்கள் கணினியின் தலையில் விழும். பலவீனமான சிக்னலில் பழைய மடிக்கணினி திணறிவிடும். மினிட்யூனரில் அந்த வேலையை, அலையிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும் டீமாடுலேட்டர் சிப்பே முடித்து, சுத்தமான டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமாக (படமும் ஒலியும் சேர்ந்த தரவு ஓட்டமாக) யுஎஸ்பியில் தள்ளிவிடும். டாங்கிளைத் தூக்கிப் போடாதீர்கள். டிஷ்ஷைத் திருப்பும்போது அலைப்பட்டையைக் கண்ணால் பார்க்க அதைவிட மலிவான கருவி கிடையாது.

ரிசீவருக்குள் என்ன இருக்கிறது?

இரண்டே முக்கியப் பாகங்கள். ஒன்று, செரிட் நிறுவனத்தின் எஃப்டிஎஸ்-4334 அல்லது 4335 டியூனர் பெட்டி. உள்ளே எஸ்டிவி6120 டியூனர் சிப்பும் எஸ்டிவி0910 டீமாடுலேட்டரும் உண்டு. செயற்கைக்கோள் டிவிக்காகச் செய்தது என்றாலும் சுமார் 144 மெகாஹெர்ட்ஸ் முதல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை இழுத்துக் கேட்கிறது. சிம்பல் ரேட்டும் நூறு கிலோவுக்குக் கீழே இறங்குகிறது. இந்த ரிசீவர் பிறந்ததே இந்த டியூனரின் தாராள குணத்தால்தான். உருவத்தில் ஒன்றுபோல் இருக்கிறது என்று வேறு டியூனர் பெட்டியை வாங்கி மாட்டினால் மென்பொருள் அதை அடையாளம் காணாது.

மற்றொன்று யுஎஸ்பி மாட்யூல். எஃப்டி2232ஹெச் மினி மாட்யூல் பழைய வழி. அதன் விலை ஏறியபின் அதே வேலையை ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற சிறு பலகையால் செய்யும் பைக்கோடியூனர் வந்தது. மிச்சமெல்லாம் மின்வழங்கி: டியூனருக்கு 3.3 வோல்ட், டீமாடுலேட்டரின் உட்கருவுக்கு 1 வோல்ட் அளவு, எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட்.

பாகங்களை எங்கே வாங்குவது?

டியூனரும் பலகையும் பிஏடிசியின் உறுப்பினர் கடையிலிருந்து வரவழைக்க வேண்டும். இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. கஸ்டம்ஸ் வரி விழும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் தபால் செலவாவது பகிரும். பைக்கோ, ரெகுலேட்டர், கெப்பாசிட்டர், எஃப் கனெக்டர், அலுமினியப் பெட்டி எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்; காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மாலைக்குள் திரும்பலாம். டிஷ், கிளாம்ப், ஆர்ஜி-6 கேபிள் ஆகியவற்றுக்கு உள்ளூர் டிஷ் மெக்கானிக்கே போதும். கழற்றிப் போட்ட டிஷ்கள் அவரிடம் குவிந்திருக்கும். வாங்கும்போது தரையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். விளிம்பு ஒரு பக்கம் தூக்கினால் அந்த டிஷ் வளைந்திருக்கிறது, வேண்டாம்.

எந்த வரிசையில் சால்டர் செய்வது?

டியூனரைக் கடைசியில் வையுங்கள். இதில் சமரசம் கிடையாது. முதலில் ரெகுலேட்டர்கள், கெப்பாசிட்டர்கள், பவர் சாக்கெட். பிறகு 12 வோல்ட் கொடுத்து மல்டிமீட்டரால் 3.3 வோல்ட் முனையையும் 1 வோல்ட் முனையையும் அளக்க வேண்டும். 1 வோல்ட் முனையில் 3.3 வந்தால் ரெகுலேட்டர் திரும்பி உட்கார்ந்திருக்கிறது அல்லது பக்கத்துக் கால்கள் ஈயத்தால் ஒட்டியிருக்கின்றன. அந்த நிலையில் டியூனரை மாட்டியிருந்தால் டீமாடுலேட்டர் ஒரு நொடியில் போயிருக்கும். புகைகூட வராது, ரிசீவர் மட்டும் ஊமையாகிவிடும்.

டியூனர் பெட்டியின் தகர உடலுக்கு நாலு மூலையிலும் காதுகள் உண்டு. அவற்றைப் பலகையின் தரையோடு நன்றாகப் பற்றவைக்க வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் அந்தத் தகரத்தைச் சூடாக்கத் திணறும், ஈயம் மேலே உருண்டு நிற்கும், பார்த்தால் ஒட்டியதுபோல் இருக்கும். 60 வாட், அகலமான முனை, காதுக்கு மூன்று நான்கு நொடி. காது சரியாக ஒட்டாவிட்டால் கேபிளை ஆட்டும்போதெல்லாம் லாக் (சிக்னலைப் பிடித்திருக்கும் நிலை) விடும். ஆட்கள் அதற்கு மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கணினி ரிசீவரைக் கண்டுகொள்ளவில்லை. என்ன செய்ய?

எஃப்டி2232ஹெச் மாட்யூல் கடையிலிருந்து வரும்போது சாதாரண சீரியல் போர்ட்டாக நடந்துகொள்ளும். அதைத் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி-ப்ராக் மென்பொருளால் அதன் மெமரியில் மினிட்யூனருக்கான டெம்ப்ளேட்டை ஒருமுறை எழுத வேண்டும். கைமுறையாக ஒவ்வொரு கட்டமாக மாற்றுவதைவிட, தயாராக உள்ள டெம்ப்ளேட் கோப்பை ஏற்றி எழுதுவது நல்லது. எழுதி முடித்துக் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகாமல் மாற்றம் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் இன்னும் காம் போர்ட் தெரிந்தால் எழுதியது பிடிக்கவில்லை.

லினக்ஸில் வேறு தொல்லை. கெர்னலின் சீரியல் டிரைவர் மாட்யூலை முந்திக்கொண்டு பிடித்துவிடும். அந்த டிரைவரைத் தடுப்புப் பட்டியலில் போட்டு, சாதாரண பயனருக்கு அந்த யுஎஸ்பியைத் திறக்கும் அனுமதியைக் கொடுக்க வேண்டும். பைக்கோடியூனரில் இந்தக் கதை இல்லை. ஃபர்ம்வேர் கோப்பைப் பென்டிரைவில் போடுவதுபோல் இழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் மென்பொருள் பைக்கோவை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், கேபிள். சார்ஜிங்குக்கு மட்டும் இரண்டு கம்பி உள்ள யுஎஸ்பி கேபிள்கள் எல்லார் வீட்டு டிராயரிலும் உண்டு. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எந்த எல்என்பி வாங்குவது? பழைய டிடிஹெச் எல்என்பி ஆகுமா?

மேலே 9750/10600 என்று அச்சிட்ட யுனிவர்சல் எல்என்பி வேண்டும், அதுவும் பிஎல்எல் வகை. ரிசீவர் கேபிள் வழியாக அனுப்பும் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் இல்லாதபோது அது 9750-இல் ஓடும், 10491.5 கழித்தல் 9750, 741.5 மெகாஹெர்ட்ஸ். 10600 மட்டுமே உள்ள எல்என்பி இதற்கு உதவாது. யுனிவர்சலிலும் டோன் தப்பித்தவறி ஆன் ஆகியிருந்தால் இதே கதிதான், ஒன்றும் வராது.

பழைய வகை எல்என்பியில் ஆஸிலேட்டரை (அந்த 9750-ஐ உண்டாக்கும் சுற்றை) நிறுத்திப் பிடிப்பது சிறு பீங்கான் வில்லை. மே மாத வெயிலில் மொட்டை மாடியில் அது நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் நகரும். வணிக டிவிக்கு அது பொருட்டே அல்ல. 333 கிலோசிம்பல் சிக்னலுக்கு அந்த நகர்வு சிக்னலின் அகலத்தையே தாண்டிவிடும். பிஎல்எல் வகையில் படிகம் இருப்பதால் பிரச்சினை அடங்கும்.

எல்என்பிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஸ்ப்ளிட்டர், லைன் ஆம்ப்ளிஃபையர், டைசெக் சுவிட்ச் எதுவும் வேண்டாம். அவை 950-க்குக் கீழே உள்ளதைச் சரியாகக் கடத்தும் என்று எழுதியிருக்காது, பல கடத்துவதும் இல்லை.

டிஷ் எவ்வளவு பெரியது வேண்டும்?

90 சென்டிமீட்டரில் ஆரம்பியுங்கள், கிடைத்தால் 1.2 மீட்டர். டிடிஹெச்சின் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷோடு ஒப்பிட்டால் 90-க்கு 3.5 டெசிபல் கூடுதல் லாபம். 90-லிருந்து 120-க்குப் போனால் இன்னும் 2.5. நாம் வீச்சின் நடுவில் இல்லை, ஓரத்துப் பக்கம். ஐரோப்பாக்காரர்கள் 60-இல் பார்த்ததாக எழுதுவதைப் படித்துவிட்டு 60 வாங்காதீர்கள். ஆனால் டிஷ் பெரிதாக ஆக குறி குறுகும்: 60-க்குச் சுமார் 3.3 டிகிரி, 90-க்கு 2.2, 120-க்கு 1.7. கம்பம் ஆடக்கூடாது.

எந்தப் பக்கம் திருப்புவது?

உண்மை வடக்கிலிருந்து 260.5 டிகிரி, உயரம் 28 டிகிரி. அதாவது மேற்கிலிருந்து சற்றே தெற்கு, கையை நீட்டினால் எட்டும் என்பதுபோல் தாழ்வாக. அரக்கோணம் பக்கம் உயரம் 27.4, திருப்பத்தூர் பக்கம் 28.7. திசைகாட்டிக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே ஒன்றரை டிகிரி அளவுதான் வித்தியாசம். கம்பத்து இரும்பு அதைவிட அதிகமாக ஊசியை இழுக்கும். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் கை தானாகத் தென்கிழக்குக்குப் போகும். டிவிக்காக அவர் வழக்கமாகத் திருப்பும் 93.5 டிகிரி செயற்கைக்கோளுக்கு நம் ஊரில் திசை 131, உயரம் 67. டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கும். க்யூஓ-100-க்கு அதே ஆஃப்செட் டிஷ் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும், ஏனென்றால் டிஷ்ஷின் வடிவத்திலேயே 22 முதல் 26 டிகிரி சாய்வு அடங்கியிருக்கிறது. முகம் பின்னால் நாலைந்து டிகிரி மட்டும் சாய்ந்தால் 28 ஆகிவிடும். "இப்படி நிமிர்த்தி வெச்சா சிக்னல் வராது சார்" என்பார். வரும்.

தடை இருக்கிறதா என்று பார்க்க எளிய கணக்கு: டிஷ்ஷுக்கு மேலே தடை எத்தனை மீட்டர் உயர்ந்திருக்கிறதோ, அதன் 1.9 மடங்கு தூரம் தள்ளி அது இருக்க வேண்டும். எதிர்வீட்டுத் தென்னை உங்கள் டிஷ்ஷைவிட 8 மீட்டர் உயரம் என்றால் குறைந்தது 15 மீட்டர் தள்ளி. குன்றின் கிழக்கு அடிவாரத்தில் ஒட்டி வீடு இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் செலவு செய்யவும்.

திசை சரி, உயரம் சரி, பீக்கன் மட்டும் வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் எல்என்பியின் திருகல், அதாவது கவ்விக்குள் அது சுழன்று நிற்கும் கோணம். வேலூரில் கட்டிய ரிசீவர் பேசாமல் இருந்தால், பலகையைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

எல்என்பி 13 வோல்ட்டில் செங்குத்துத் துருவத்தையும் 18-இல் கிடைமட்டத் துருவத்தையும் கேட்கும்; துருவம் என்பது அலை அதிரும் திசை. அகலப்பட்டை கிடைமட்டத் துருவமாக இறங்குகிறது என்று எல்லா இணையப் பக்கங்களிலும் இருக்கும், 18 வோல்ட் கொடு என்றும் இருக்கும். அந்தக் கிடைமட்டம் செயற்கைக்கோளுக்குத்தான் கிடைமட்டம். அது நமக்கு 53 டிகிரி மேற்கே, நாமோ பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் 13 டிகிரி அட்சரேகையில். செயற்கைக்கோள்களின் வளையம் நம் தலைக்குத் தெற்கே உயரமாகப் போய், மேற்கே செங்குத்தாகச் சரிந்து இறங்குகிறது. க்யூஓ-100 அந்தச் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நம் கண்ணுக்கு அதன் கிடைமட்டம் 74 டிகிரி சாய்ந்து, ஏறக்குறைய நெட்டுக்குத்தாக வருகிறது. ஐரோப்பிய வழிகாட்டியைப் பார்த்து எல்என்பியை நேராக வைத்து 18 வோல்ட் கொடுத்தால், எதிர்த் துருவத்தைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சிக்னலில் 10 டெசிபலுக்கு மேல் போய்விடும்.

தீர்வு இரண்டு. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று செயற்கைக்கோளைப் பார்த்தபடி, எல்என்பியைக் கடிகார முள் சுற்றும் திசையில் 74 டிகிரி திருப்பி 18 வோல்ட் கொடுக்கலாம். அவ்வளவு திருப்பினால் கேபிள் முனை பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும், மழைநீர் எஃப் கனெக்டருக்குள் இறங்கும். அதைவிட, கடிகார எதிர்த்திசையில் 16 டிகிரி மட்டும் திருப்பி 13 வோல்ட் கொடுங்கள். 74-உம் 16-உம் சேர்ந்து 90. எல்என்பியின் மற்ற ஊசி அதே கோணத்தில் வந்து நிற்கும். கேபிளும் கீழ்நோக்கியே இருக்கும். இப்படி வைத்தபின், எதிர்த் துருவத்தில் இறங்கும் குறும்பட்டை (குரல் பேச்சுக்கான) டிரான்ஸ்பாண்டரையும் கேட்க ஆசைப்பட்டால் அதற்கு 18 வோல்ட் போட வேண்டும். புத்தகத்தில் உள்ளதற்கு எல்லாமே தலைகீழ் என்று நினைவில் வையுங்கள். எல்என்பி கழுத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுவது நல்லது, குரங்கு வந்து போனபின் மறுபடி வைக்க உதவும்.

எல்என்பிக்கு மின்சாரம் கொடுப்பதில் கவனிக்க வேண்டியது?

எல்என்பி 100 முதல் 200 மில்லிஆம்பியர் இழுக்கும். அளப்பதை ரிசீவர் பக்கத்தில் அளக்காமல் மாடியில், கேபிளின் எல்என்பி முனையில் அளங்கள். இரும்புக்குச் செம்புமுலாம் பூசிய மலிவு ஆர்ஜி-6 கேபிளில் 30 மீட்டருக்கு ஒரு வோல்ட் வரை இறங்கும். 13 வோல்ட்டுக்கு அது பரவாயில்லை. 18 வோல்ட் 15-க்குப் பக்கத்தில் வந்து நின்றால் எல்என்பிக்கு எந்தத் துருவம் என்று முடிவெடுக்கத் தெரியாது.

தரைவழி ஆன்டெனாவை மாட்டும்முன் எல்என்பி மின்சாரத்தை அணைத்தீர்களா என்று இருமுறை பாருங்கள். பல யாகி ஆன்டெனாக்களில் நடுக்கம்பியும் தரையும் நேர்மின்சாரத்துக்கு ஷார்ட். ரெகுலேட்டர் சூடாகி அடங்கினால் அதிர்ஷ்டம். நடுவில் பிரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிறு கருவி) இருந்தால் அது போய்விடும்.

மென்பொருளில் முதல் தடவை என்னென்ன எண் போடுவது?

விண்டோஸுக்கு மினிட்யூன் அல்லது ஓப்பன்டியூனர், லினக்ஸுக்கு லாங்மிண்ட், கணினியே வேண்டாமென்றால் ராஸ்பெர்ரி பை 4-இல் ஓடும் ரைட். எதுவானாலும் எண்கள் இவைதான்: ஆஸிலேட்டர் 9750000 கிலோஹெர்ட்ஸ், அலைவெண் 10491500, சிம்பல் ரேட் 1500, முறை டிவிபி-எஸ்2, டோன் அணைப்பு, வோல்ட் 13. லாங்மிண்டில் ஆஸிலேட்டரைக் கழித்து 741500 என்று நேராகக் கொடுக்க வேண்டும். எஃப்இசியைக் கொடுக்கத் தேவையில்லை, எஸ்2 சிக்னலே தன் விவரத்தைச் சொல்லிவிடும்.

பீக்கன் லாக் ஆனதும் படத்தை ரசிக்கும் முன், திரையில் காட்டும் கேரியர் பிழையை (கொடுத்த அலைவெண்ணிலிருந்து சிக்னல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை) குறித்துக்கொள்ளுங்கள். 80 கிலோஹெர்ட்ஸ் மேலே இருப்பதாகக் காட்டினால் ஆஸிலேட்டர் எண்ணை அந்த அளவு திருத்துங்கள். எந்தப் பக்கம் என்று குழம்பினால் ஒரு பக்கம் திருத்திப் பிழை குறைகிறதா கூடுகிறதா என்று பார்த்தால் போயிற்று. பீக்கனின் அகலத்தில் அந்த 80 தெரியாது, 250 கிலோசிம்பல் சிக்னலில் கட்டாயம் தெரியும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல்தான் பலர் "பீக்கன் மட்டும் வருது, மத்தது எதுவும் வரல" என்கிறார்கள்.

எந்த நேரத்தில் எந்த அலைவெண்ணில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, இங்கிலாந்தின் கூன்ஹில்லி நிலையத்திலிருந்து பிஏடிசி இணையத்தில் காட்டும் அலைப்பட்டைத் திரை இருக்கிறது. அதில் மேடு தெரியும் இடத்தின் அலைவெண்ணையும் அகலத்தையும் அப்படியே உங்கள் மென்பொருளில் போடலாம்.

எம்இஆர் எவ்வளவு இருந்தால் படம் வரும்?

சிக்னல் தரத்தைச் சொல்லும் எம்இஆர் எண் டெசிபலில் வரும். க்யூபிஎஸ்கேயில் எஃப்இசி 1/2-க்கு 1 டெசிபல், 2/3-க்கு 3.1, 3/4-க்கு 4, 4/5-க்கு 4.7, 9/10-க்கு 6.4. இவை ஏட்டு எல்லைகள்; நடைமுறையில் ஒரு டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். எனவே பீக்கனுக்கு 6 இருந்தால் நிம்மதி. 4.5-இல் ஊசலாடினால் டிஷ்ஷை ஒரு விரல்கடை நகர்த்திப் பாருங்கள், எல்என்பியைக் கவ்வியில் அரை சென்டிமீட்டர் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், திருகலை ஐந்து ஐந்து டிகிரியாக மாற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஏறும் பக்கம் போய், இறங்க ஆரம்பித்ததும் பாதி திரும்புவதுதான் வழி. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

மென்பொருள் சிக்னலைப் புள்ளிகளாகக் காட்டும் கான்ஸ்டலேஷன் கட்டத்தில் நாலு புள்ளிக் கூட்டம் தனித்தனியாக நின்றால் நலம். நாலும் பரவி ஒன்றையொன்று தொட்டால் சிக்னல் பலவீனம். வளையமாகச் சுற்றினால் கேரியர் பிடிக்கவில்லை: அலைவெண்ணோ சிம்பல் ரேட்டோ தப்பு.

மெதுவான சிக்னலில் பொறுமை வேண்டும். எஸ்2-இன் நீண்ட ஃபிரேம் 64800 பிட். க்யூபிஎஸ்கேயில் அது 333 கிலோசிம்பலில் பத்தில் ஒரு நொடி, 66 கிலோசிம்பலில் அரை நொடி. லாக் ஆகச் சில நொடி எடுப்பதைக் கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தினால் எப்போதும் லாக் ஆகாது.

லாக் காட்டுகிறது, படம் இல்லை.

ரேடியோ வேலை முடிந்துவிட்டது, மிச்சம் கணினி வேலை. அனுப்புபவர் ஹெச்.265 என்ற படச் சுருக்க முறையில் அனுப்பியிருப்பார், உங்களிடம் அதைப் பிரிக்கும் கோடெக் இல்லை. மினிட்யூனுக்கு லாவ் ஃபில்டர்ஸ் நிறுவுங்கள், அல்லது ஸ்ட்ரீமை யுடிபியில் விஎல்சிக்கு அனுப்பிப் பாருங்கள். விஎல்சியில் வந்தால் கோடெக் அமைப்புதான் குறை. சில சமயம் எதிர்முனையில் வெறும் நல் பாக்கெட்டுகள் (உள்ளடக்கம் இல்லாத நிரப்புத் தரவு) மட்டும் ஓடும். லாக் இருக்கும், காட்ட எதுவும் இருக்காது. 333 கிலோசிம்பல், க்யூபிஎஸ்கே, 2/3 என்றால் மொத்தமே நொடிக்கு 440 கிலோபிட். படம் துல்லியமாக இல்லையே என்று டிஷ்ஷைக் குறை சொல்ல வேண்டாம்.

வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குத் தரைவழியாக முடியுமா?

கணக்கு சாதகமாகவே இருக்கிறது. நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். 434 மெகாஹெர்ட்ஸில் வெட்டவெளி இழப்பு 111 டெசிபல். ஒரு வாட் அனுப்பி, இரு முனையிலும் 10 டெசிபல் யாகி வைத்து, கேபிளுக்கு 4 டெசிபல் விட்டால் ரிசீவருக்கு வருவது மைனஸ் 65 டிபிஎம். 333 கிலோசிம்பலுக்கு இரைச்சல் தளம் மைனஸ் 114 பக்கம். நடுவே கட்டடமும் மரமும் 35 டெசிபல் தின்றாலும் படம் நிற்கும்.

தொல்லை வேறு இடத்தில். டியூனர் பெட்டிக்கு முன்னால் வடிகட்டி எதுவும் கிடையாது. பக்கத்து செல்ஃபோன் கோபுரம் அனுப்புவதெல்லாம் உள்ளே நுழையும். ஆன்டெனாவுக்கும் பிரீஆம்ப்புக்கும் நடுவே 434-க்கான பேண்ட்பாஸ் ஃபில்டர் வைக்காமல் நகருக்குள் இதை முயல வேண்டாம். இந்தியாவில் அமெச்சூர் பட்டை 434 முதல் 438 வரை. 435-க்கு மேலே செயற்கைக்கோள்களுக்கு. ஆகவே 434.5-ஐ நடுவாக வைத்து 333 கிலோசிம்பலில் அனுப்பினால் இருபக்கமும் இடம் விட்டு அடங்கும். 433.92-இல் கார் ரிமோட்டுகள் இருப்பதால் கீழே இறங்கவும் வேண்டாம்.

அனுப்புவதற்கு மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் உரிமம் கட்டாயம். உரிமம் இருந்தாலும் அந்த அலைவெண்ணும் டிவி வகை உமிழ்வும் உங்கள் நிலைக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று அட்டவணையைப் பார்த்துவிட்டே பிடிடியை (அனுப்பும் பொத்தானை) தொடவும்.

வெயிலுக்கும் மழைக்கும் என்ன செய்வது?

டீமாடுலேட்டர் சும்மா இருக்கும்போதே சூடாகும். தகர ஷீட் அறையில், மே மாதத்தில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் ஒரு மணி நேரத்தில் லாக் விட ஆரம்பிக்கும். அலுமினியப் பெட்டி, டியூனர் தகரத்தின் மேல் சிறு ஹீட்சிங்க், பக்கத்தில் துளை. ரிசீவரை வீட்டுக்குள் வைத்து மாடிக்கு எல்என்பியும் கேபிளும் மட்டும் போகட்டும்.

கனமழையில் சிக்னல் விழும். 28 டிகிரி சாய்வில் அலை மழைக்குள் நீண்ட தூரம் வருகிறது, தடுக்க வழியில்லை. மழை விட்டு மறுநாளும் சரியாகாவிட்டால் எஃப் கனெக்டரைத் திறந்து பாருங்கள், நடுக்கம்பி பச்சை பிடித்திருக்கும். சுயமாக ஒட்டும் ரப்பர் டேப் சுற்றி, அதற்கு முன் கேபிளில் ஒரு தொங்கல் விட்டால் நீர் சொட்டிப் போய்விடும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் 434-இல் எம்இஆர் குறைந்தால் இரைச்சல் இன்வெர்ட்டரிலிருந்து வருகிறது. யுஎஸ்பி கேபிளுக்கும் அடாப்டர் வயருக்கும் ஃபெரைட் வளையம் போடுங்கள்.

மார்ச் நடுவில் சாயங்காலம் நாலரை மணி வாக்கில் தினமும் படம் அறுந்து, தானே வருகிறது. எது கெட்டுப்போயிருக்கிறது?

எதுவும் கெடவில்லை, சூரியன் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. வேலூரிலிருந்து பார்க்கும்போது மார்ச் 15 ஒட்டி மாலை 4.25-க்கும், செப்டம்பர் 28 ஒட்டி மாலை 4.07-க்கும் இரண்டும் ஒரே கோட்டில் வரும். 90 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு அந்த நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள், தினமும் சில நிமிடங்கள் இரைச்சல் ஏறும். புதிதாக டிஷ் வைப்பவர்கள் அந்த நாட்களைத் தவறவிடக்கூடாது: அந்த நிமிடத்தில் எல்என்பியின் நிழல் டிஷ்ஷில் எங்கே விழுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டால், பிறகு டிஷ் அசைந்தாலும் அடுத்த முறை சூரியன் அங்கே வரும்போது நிழலைக் குறியில் சேர்த்தே திருப்பிவிடலாம்.